கயிறு பிடிக்கிறவன் மச்சானா இருக்கணும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ், வீடு, இடுப்பு வலி என்று ஆயிரம் சாக்கு சொல்லலாம். உண்மையான காரணம் சோம்பேறித்தனம். போன வாரம் வந்த ஒரு போன் அந்தச் சோம்பலை உதறிவிட்டது. பதிவு நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன் செய்தது இங்கே ஃப்ளோரிடாவில் எனக்குப் பழக்கமான ஒரு தம்பி. நல்ல பையன், பொட்டி தட்டுகிற வேலை. போன வருஷம்தான் டைவிங் பழகினான்.

"அண்ணே, குகை டைவிங் கோர்ஸ் ஒண்ணு பார்த்தேன். முதல் லெவல்ல ஆரம்பிச்சு ஃபுல் கேவ் கார்டு வரைக்கும் எட்டே நாள். பேக்கேஜ் ரேட். அட்வான்ஸ் கட்டிரட்டுமா?"

"இதுவரைக்கும் எத்தனை டைவ் பண்ணிருக்கே?"

"அறுபது இருக்கும்ணே."

"எட்டு நாள்ல உனக்கு வரலைன்னா என்ன பண்ணுவாராம்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதெல்லாம் வந்துரும்னு சொன்னாருண்ணே."

இந்தப் பதிவே அந்தக் கடைசி வரிக்குத்தான். ஆளைப் பார்க்காமல், தண்ணீரில் ஒரு நிமிஷம்கூட நீந்தவிட்டுப் பார்க்காமல், "வந்துரும்" என்று ஒரு வாத்தியார் சொன்னால் அவர் வாத்தியார் இல்லை. கார்டு விற்கிறவர். கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் யோசிக்காமல் எழுதவில்லை.

முதலில் ஒரு ஊர்க்கதை. எனக்குத் தூத்துக்குடி. முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ பத்தாண்டுகள் ஆகிவிட்டது, கதைகள் மட்டும் நிற்கவில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு ஒருத்தன் அடியில் இறங்குவான். அவன் கயிறு படகில் இருக்கிறவன் கையில் இருக்கும். கீழே இருந்து ஒரு சுண்டு சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். அசந்தால் போச்சு. அந்தக் கயிற்றை எப்போதும் மச்சான்தான் பிடிப்பானாம், அதாவது பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். ஏன் என்று சின்ன வயசில் தாத்தாவைக் கேட்டிருக்கிறேன்.

"கூடப் பொறந்தவன் புடிச்சா பாகப்பிரிவினை ஞாபகம் வந்துரும்லே. மச்சானுக்குத்தான் அக்கா தாலி முக்கியம்."

எல்லாப் படகிலும் அப்படித்தான் நடந்ததா என்று சரித்திரம் தெரிந்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். கதைக்குள் இருக்கிற புத்தி எனக்குப் போதும். கயிறு பிடிக்கிறவனுக்கு, கீழே போனவன் வராவிட்டால் தனக்கும் ஏதோ ஒன்று போகும் என்ற பயம் இருக்க வேண்டும். திறமை, அனுபவம், சான்றிதழ் எல்லாம் அதற்கு அப்புறம்.

இப்போது குகைக்கு வருவோம்.

கடலில் டைவ் அடிக்கிறவனுக்கு ஏதாவது கோளாறு என்றால் மேலே வரலாம். தலைக்கு மேல் தண்ணீர், அதற்கு மேல் காற்று. குகையில் தலைக்கு மேல் பாறை. நுழைந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும். நூறு மீட்டர் உள்ளே போனவன் நூறு மீட்டர் திரும்பி வந்தால்தான் அடுத்த மூச்சு. உள்ளே கும்மிருட்டு. தரையில் மாவு மாதிரி வண்டல். காலில் மாட்டியிருக்கிற ஃபின் ஒரு தடவை தவறாகப் பட்டால் போதும், கண்ணாடித் தண்ணீர் ஒரு நொடியில் பால் ஊற்றின காபி ஆகிவிடும். கையில் இருக்கிற விளக்கே தெரியாது.

ஆகவே சில விதிகள். வாசலிலிருந்து அறுபடாத ஒரு கயிறு. ஆளுக்கு மூன்று விளக்கு. காற்றில் மூன்றில் ஒரு பங்கு விதி: சிலிண்டரில் 210 பார் இருந்தால் 70 தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும். இன்னொரு 70 வெளியே வர. மிச்சம் 70 உங்களுக்கு இல்லை, கூட வந்தவனுக்கு ஏதாவது ஆனால் அவனுக்குக் கொடுக்க. நம் பயிற்சிக்கு மிஞ்சிய ஆழம், தூரம் கூடாது. எல்லாவற்றுக்கும் முதலில், முறையான பயிற்சி.

இந்த விதிகள் ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதியவை இல்லை, செத்தவர்களைக் கணக்கெடுத்து எழுதியவை. ஷெக் எக்ஸ்லி என்று ஒரு மனுஷர். வடக்கு ஃப்ளோரிடாவில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குகைகளில் நடந்த மரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எங்கே தப்பு நடந்தது என்று பார்த்து, 1979-ல் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டார். இன்றைக்கும் குகை வகுப்புகளில் சொல்லித் தருவதன் அடித்தளம் அதுதான். அந்த எக்ஸ்லியே 1994 ஏப்ரலில் மெக்சிகோவின் சகாத்தோன் என்ற ஆழக் கிணற்றில் இறந்துபோனார். நூல் எழுதின ஆளையே விடாத தண்ணீர், எட்டு நாள் கார்டைப் பார்த்து வழிவிடுமா?

என் சொந்தக் கதையைச் சொல்லாமல் உபதேசம் பண்ணினால் அடிக்க வருவீர்கள். சொல்கிறேன்.

2017-ல் நான் குகை டைவிங்கின் ஆரம்பக் கட்டக் கோர்ஸில் சேர்ந்தேன். வாத்தியார் பேர், கடை பேர் வேண்டாம். ஆள் ரொம்ப இனிமையானவர், ஜோக் அடிப்பார், மதியச் சாப்பாட்டுக்குக் காசு வாங்க மாட்டார். முதலில் தரையிலேயே பயிற்சி. மரத்துக்கு மரம் கயிறு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி நடக்க வேண்டும். பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த குடும்பம், குருடன் மாதிரி நடக்கிற நாலு தடிமாடுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பர்கர் சுட்டது. அதுவரை ஜாலிதான்.

கடைசி நாள், தண்ணீருக்குள், கயிற்றைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயிற்சி. முகக் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவார்கள். கயிற்றிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நீங்கள் பதறாமல், இடுப்பில் இருக்கிற சின்ன நூல் உருளையை எடுத்து, கைக்குத் தட்டுப்படுகிற பாறையில் ஒரு முனையைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு திசையாகத் தேடிக் கயிற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் நூலை எடுத்தேன். பாறை கிடைத்தது. முடிச்சு போடுகிறபோது உருளை கையை விட்டு நழுவியது. அவ்வளவுதான். நெஞ்சு திம் திம் என்று அடிக்க, மூச்சு தறிகெட்டு ஓட, கண்ணாடியில் இருந்த துணியை நானே பிய்த்து எறிந்தேன். எதிரில் வாத்தியார். கட்டைவிரலை உயர்த்தினார். டைவிங்கில் அதற்கு அர்த்தம் 'சூப்பர்' இல்லை. 'டைவ் முடிந்தது, மேலே போ.'

கரையில் வந்து உட்கார்ந்தேன். வாயே வரவில்லை. அவர் தோளைத் தட்டிச் சொன்னார்: "முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான். போகப் போகச் சரியாயிடும். உனக்குத் தத்துவம் புரிஞ்சிருக்கு, அது போதும்." மறுநாள் திங்கட்கிழமை, எனக்கு ஆபீஸ். அவருக்கு அடுத்த பேட்ச் வெளி மாநிலத்திலிருந்து அன்று ராத்திரியே வந்து இறங்கியிருந்தது. மறுபடி அந்தப் பயிற்சியைச் செய்யவே இல்லை. கார்டு வந்தது.

நான் வேண்டாம் என்றேனா? இல்லை மக்களே. போட்டோ எடுத்துப் போட்டேன். லைக் எண்ணினேன். நம் யோக்கியதை அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து ஒரு நண்பரோடு ஒரு குகையில் போனோம். முன்னால் போன யாரோ கலக்கிவிட்டார்களா, நாங்களே கலக்கினோமா தெரியாது. திடீரென்று எதுவுமே தெரியவில்லை. என் கை கயிற்றில் இல்லை. கயிறு எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. அந்த முடிச்சு போடுகிற வித்தை அப்போது எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையை நீட்டித் துழாவியதில் நண்பரின் ஃபின் மாட்டியது. அவர் கயிற்றைப் பிடித்திருந்தார். அவர் காலைப் பிடித்தேன், தொட்டுத் தொட்டு வெளியே வந்தோம். பயிற்சி என்னைக் காப்பாற்றவில்லை. குருட்டு அதிர்ஷ்டம் காப்பாற்றியது. அந்தக் கால் ஒரு அடி தள்ளி இருந்திருந்தால் இந்தப் பதிவை எழுத ஆள் இல்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோது அந்த வாத்தியார் மேல் கோபம் வந்தது. பிறகு, அவர் கெட்டவரும் இல்லையே என்று பட்டது. அப்படியானால் தப்பு எங்கே?

காசு போகிற வழியைப் பாருங்கள். புரியும். மாணவன் வாத்தியாருக்குக் காசு கொடுக்கிறான். பாஸா ஃபெயிலா என்று சொல்வதும் அதே வாத்தியார். கார்டு போட்டால் அந்தப் பயிற்சி அமைப்புக்குக் கட்டணம். பாஸானவன் அடுத்த கோர்ஸுக்கு வருவான், ரெகுலேட்டர், விளக்கு, ரீல் என்று அதே கடையில் வாங்குவான். ஃபெயிலானவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போடுவான். இந்தச் சங்கிலியில் 'இல்லை' என்று சொல்வதால் யாருக்காவது பத்து பைசா லாபம் இருக்கிறதா? ஒருத்தருக்கும் இல்லை. மாணவனுக்கு மட்டும் லாபம். உயிர்! ஆனால் அவனுக்கே அது தெரியாது.

'ஸ்டாண்டர்டு இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. இத்தனை டைவ், இத்தனை நிமிஷம், இன்னின்ன பயிற்சிகள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் அதெல்லாம் குறைந்தபட்சம். அதற்குக் கீழே போகக்கூடாது என்று போட்ட கோடு. வியாபாரப் போட்டியில் அந்தக் கோடே கூரையாகிவிடுகிறது. நேர்மையான வாத்தியார் "எத்தனை நாள் ஆகும்னு தெரியாது, தண்ணியில பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். பக்கத்துக் கடைக்காரர் "எட்டு நாள், கியாரண்டி" என்பார். லீவு போட்டுவிட்டு விமானம் ஏறி வருகிறவன் யாரிடம் போவான்? நல்ல வாத்தியார் பட்டினி கிடக்கிறார். வாத்தியார்களில் நிறையப் பேர் உண்மையிலேயே தங்கமானவர்கள். இந்த ஏற்பாடு தண்டிப்பது அவர்களைத்தான்.

தரக் கட்டுப்பாடு? கோர்ஸ் முடிந்ததும் மாணவனுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்புவார்கள். 'பயிற்சி எப்படி இருந்தது?' கார்டு கையில் இருக்கிற சந்தோஷத்தில் இருக்கிறவன் என்ன எழுதுவான்? நான் எல்லாவற்றிலும் முதல் மார்க் போட்டேன். எனக்குச் சொல்லித் தராதது எது என்று எனக்கே தெரியாதபோது, எதைப் பற்றிப் புகார் சொல்வது?

குகை மட்டும் இல்லை. ஆழத்துக்குப் போகிற டெக்னிக்கல் டைவிங்கிலும் இதே கதைதான். அங்கே ஒரே ஆள் வெவ்வேறு வாயுக் கலவைகளைச் சுமந்து போவான். தூய ஆக்சிஜன் 6 மீட்டருக்கு மேலே மட்டும்தான். 50 சதவீத ஆக்சிஜன் கலவை என்றால் 21 மீட்டர். அதற்குக் கீழே அதைச் சுவாசித்தால், உயிர் கொடுக்கிற ஆக்சிஜனே விஷம் ஆகி வலிப்பு வரும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயில் இருக்கிற ரெகுலேட்டர் நழுவும், முழுகிச் சாக வேண்டியதுதான். அதனால் ஒவ்வொருத்தனும் தன் சிலிண்டரைத் தானே கருவி வைத்து அளந்து, எண்ணை எழுதி ஒட்ட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. "கடைக்காரர் அளந்திருப்பாரு, எழுதி ஒட்டிக்கோ" என்று ஒரு வாத்தியார் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். மாணவன் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் செய்வான். வாத்தியார் வாயால் சொல்லித் தருவதை விட, செய்யாமல் விடுவதிலிருந்துதான் நாம் அதிகம் கற்றுக்கொள்கிறோம்.

2020 நவம்பரில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவின் மெக்டொனால்ட் ஏரியில் 18 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். குகையும் இல்லை, டெக்னிக்கலும் இல்லை. சாதாரண அடுத்த கட்ட வகுப்பு. குளிருக்காக உடம்பு நனையாத டிரை சூட் போட்டிருந்தாள். ஆழம் போகப் போக அந்த உடை நெருக்கும், அதற்குள் காற்று விட வேண்டும். காற்று விடும் குழாய் அவள் உடையில் இணைக்கப்படவே இல்லை. சட்டென்று கழற்றிப் போட முடியாத இடத்தில் ஏறக்குறைய 20 கிலோ ஈயம். வழக்கு நடந்தது. வழக்கில் யார் எவ்வளவு குற்றவாளி என்பதை விடுங்கள். ஒரு குழாய் மாட்டவில்லை என்பது தெரிந்தவர் கண்ணுக்குத் தண்ணீரில் இறங்குமுன்பே தெரிய வேண்டிய விஷயம். 'இன்னிக்கு வேண்டாம்மா, வீட்டுக்குப் போ' என்ற ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை.

சரி, வழக்கமாக வருகிற எதிர்வாதங்களை நானே சொல்லிவிடுகிறேன், பின்னூட்டத்தில் உங்களுக்கு டைப் பண்ணுகிற சிரமம் மிச்சம் :-)

"சாவு எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டுத்தானே வருது? பயிற்சி வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

நல்ல கேள்வி. 1985-லிருந்து 2015 வரை அமெரிக்கர்களின் குகை டைவிங் மரணங்களை அலசிய ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. மொத்தம் 161 பேர். 87 பேர் குகைப் பயிற்சி இல்லாதவர்கள். 67 பேர் பயிற்சி பெற்றவர்கள். வருஷத்துக்கு எட்டு என்று இருந்த சாவு மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் செத்தவர்களில் பயிற்சி பெற்றவர்களின் பங்கு இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. பயிற்சி இல்லாதவர்கள் உள்ளே போவது குறைந்ததால் அந்தப் பங்கு கூடித் தெரியலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டாலும் அந்த 67 பேரும் கார்டு வைத்திருந்தவர்கள். அதிகமாக நடந்தது என்ன? வண்டல் கலங்கியது, வழி தவறியது, காற்று தீர்ந்தது. நான் கோட்டை விட்டேனே ஒரு பயிற்சி, அது எதற்காக இருக்கிறதோ அதே சாவு.

பயிற்சி இல்லாதவர்களைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு யாருக்குத் தெரியுமா? குகை வாசல்களில் நிற்கிற போர்டுக்கு. மரண தேவதை படம் போட்டு, இதே மாதிரிக் குகைகளில் 300 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள், அதில் கடல் டைவிங் வாத்தியார்களும் உண்டு, இதற்கு மேல் போகாதே என்று சொல்கிற போர்டு. இன்னொன்று, ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஒரு அருமையான விதி. குகை கார்டு இல்லாதவன் அங்கே 'டெவில்ஸ்' என்று பெயர் வைத்த ஊற்றுகளில் இறங்கலாம், விளக்கு மட்டும் கொண்டுபோகக் கூடாது. அவ்வளவுதான். விளக்கு இல்லாதவன் இருட்டுக்குள் போக மாட்டான். அந்த விதிக்கு யாரிடமும் காசு வாங்க வேண்டியதில்லை, யார் மனசும் கோணக்கூடாது என்ற கவலையும் இல்லை. கண்டிப்பாக 'இல்லை' என்கிறது. வாத்தியார்கள் செய்யாததை ஒரு போர்டும் ஒரு விளக்குத் தடையும் செய்கின்றன.

"வயசு வந்தவங்க, தெரிஞ்சேதான் கையெழுத்துப் போடுறாங்க. அவங்கவங்க பொறுப்பு."

அடுத்த எதிர்வாதம் இது. தெரிந்து என்றால் என்ன தெரிந்து? தனக்கு என்ன தெரியாது என்று தெரியாமல்தானே வகுப்புக்கே வருகிறான்? ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நாமும் கையெழுத்துப் போடுகிறோம். அதற்காக டாக்டர் கையைக் கழுவாமல் கத்தியைத் தொடலாமா? ஆபத்து குகையில் இருக்கிறது, அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆபத்து வாத்தியார் நாக்கில் இருக்கும் என்று நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

"இதெல்லாம் மாத்த முடியாதுங்க."

முடியும். முன்மாதிரிகள் கண்ணெதிரில் இருக்கின்றன.

ஒன்று. சொல்லித் தருகிறவர் வேறு, தேர்வு வைக்கிறவர் வேறு. உலகத்தின் மிகப் பெரிய டைவிங் அமைப்பான பாடி, ஒருத்தரை வாத்தியார் ஆக்கும்போது இதைத்தான் செய்கிறது. பயிற்சி கொடுத்தவர் ஒருவர், கடைசித் தேர்வுக்கு அமைப்பே தனியாகத் தேர்வாளரை அனுப்புகிறது. ஆக, கற்றுக்கொடுத்தவனே மார்க் போடக்கூடாது என்பது இந்தத் தொழிலுக்குத் தெரியாத விஷயம் இல்லை. கடலில் சொல்லிக்கொடுக்கப் போகிறவனுக்கு வெளியாள் தேர்வு. பாறைக்கு அடியில் போகப் போகிறவனுக்கு "நீ பாஸ்ப்பா" என்று தோளில் ஒரு தட்டு. என்ன நியாயம் இது?

இரண்டு. கார்டுக்கு ஆயுள் வேண்டும். ஜியுஈ என்ற அமைப்பு சில வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கச் சொல்கிறது, இடையில் டைவ் பண்ணியதைக் காட்டச் சொல்கிறது. அங்கே 'பாஸ்', 'ஃபெயில்' இரண்டுக்கும் நடுவில் 'இன்னும் கொஞ்சம் பழகிவிட்டு வா' என்றும் ஒரு முடிவு உண்டு. அவர்கள் மேல் வேறு விமர்சனங்கள் எனக்கு உண்டு, இன்னொரு பதிவில் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டிலும் அவர்கள் செய்வது சரி.

மூன்றாவதைச் சொல்ல 2018-க்குப் போக வேண்டும். தாய்லாந்துக் குகையில் 12 சிறுவர்களும் கோச்சும் மாட்டிக்கொண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஜூலை 2-ம் தேதி அவர்களை முதலில் கண்டுபிடித்த இருவரில் ரிக் ஸ்டான்டன் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். ஜான் வொலந்தன் நம்மைப் போலக் கம்ப்யூட்டர் ஆசாமி. இருவரும் பொழுதுபோக்குக்காகக் குகையில் டைவ் அடிப்பவர்கள். சிறுவர்களை மீட்கிற வேலையில் சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர், சிலிண்டர்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் உயிரை விட்டார். அந்த மனுஷரின் வீரத்துக்கு முன்னால் நாமெல்லாம் தூசி. ஆனால் கடற்படைப் பயிற்சியையும் தாண்டிய தனி வித்தை குகை என்பதை உலகம் அன்றைக்குத்தான் பார்த்தது.

அந்த பிரிட்டிஷ்காரர்கள் சார்ந்த குகை டைவிங் குழு 1946-லிருந்து இருக்கிறது. அங்கே காசு வாங்கிக்கொண்டு கோர்ஸ் நடத்துகிற வழக்கம் இல்லை. மூத்தவர்கள் புதுசாக வருகிறவனைக் கூட்டிக்கொண்டு போய், பொறுமையாகப் பழக்கி, போதும் என்று அவர்களுக்குப் பட்ட பிறகுதான் முழு உறுப்பினராக ஏற்றுக்கொள்வார்கள். ஏனென்றால் நாளைக்கு அதே ஆளோடுதான் அவர்களும் குகைக்குள் போக வேண்டும். அவனுக்கு ஏதாவது ஆனால் தேடப் போகிறவர்களும் அவர்களேதான். புரிகிறதா? மச்சான்! கயிறு மச்சான் கையில் இருக்கிறது.

எல்லா ஊரிலும் கோர்ஸையே ஒழித்துவிட முடியாது, எனக்கும் தெரியும். வாத்தியாரும் சாப்பிட வேண்டும். அப்படியானால் குறைந்தது காசை முடிவிலிருந்து பிரியுங்கள். கட்டணம் நாளுக்கு. கார்டுக்கு இல்லை. இத்தனை பேர் சேர்ந்தார்கள், இத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன் என்று ஒவ்வொரு வாத்தியாரும் வெளியில் சொல்லட்டும். ஒருத்தரையும் திருப்பி அனுப்பாதவரிடம் நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

அந்தப் பால் காபித் தண்ணீருக்குப் பிறகு நான் போய்ச் சேர்ந்தது ஒரு அம்மாவிடம். அறுபதைத் தாண்டிய வயசு, சிரிப்பே வராது. என் கார்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "தண்ணியில காட்டு" என்றார். மூன்று நாள் பிழிந்து எடுத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம், நனைந்த கோழி மாதிரி நான் நின்றபோது சொன்னார்: "உனக்குக் கார்டு இல்லை. உன் ஃபின் இன்னும் தரையைத் தொடுது. ஆறு மாசம் திறந்த தண்ணியில பழகிட்டு வா. மறுபடி பார்க்கிற முதல் நாளுக்குக் காசு வேண்டாம்."

ஒரு வாரம் எரிச்சல். பெண்டாட்டியிடம் அந்தம்மாவைத் திட்டித் தீர்த்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "அவங்க நம்பர் குடுங்க, ஒரு நன்றி சொல்லணும்." தாத்தா சொன்ன தாலிக் கதை எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது.

ஆறு மாசம் எட்டு மாசம் ஆனது. திரும்பிப் போனேன். கண்ணைக் கட்டிவிட்டார், கயிற்றை விட்டுத் தள்ளிவிட்டார். பாறை, முடிச்சு, நூல், தேடல். இரண்டாவது திசையிலேயே கயிறு கையில் பட்டது. அந்தம்மா மறுபடி செய்யச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவது தடவைக்கு அப்புறம்தான் தலையை ஆட்டினார். என்னிடம் இருக்கிற கார்டுகளில் எனக்கு மரியாதை உள்ள கார்டு அது ஒன்றுதான். தர மாட்டேன் என்று ஒரு தடவை சொன்னவர் தந்தது என்பதால்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அட்வான்ஸ் கட்டியிருந்தால் போகட்டும் விடு. காசு சம்பாதித்துக்கொள்ளலாம். வாத்தியாரைத் தேடும்போது அவர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறார், எத்தனை கார்டு வைத்திருக்கிறார் என்று கேட்காதே. கடைசியாக யாரை, எதற்காகத் திருப்பி அனுப்பினீங்க என்று கேள். சட்டென்று பதில் வந்தால் சேர். யோசித்தால் வந்துவிடு. உன் வீட்டில் ஏழாவது மாசம் என்று சொன்னாயே, அதையும் நினைத்துக்கொண்டு கேள்.

டிஸ்கி: வாத்தியார்கள் யாராவது இதைப் படித்துக் கடுப்பானால் பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கிறது. வந்து திட்டுங்கள், ஒன்றையும் அழிக்க மாட்டேன். திட்டுவதற்கு முன்னால், கடைசியாக நீங்கள் ஃபெயில் ஆக்கிய மாணவனைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுத் திட்டினால் சந்தோஷம்.